மூன்றறை எவர்சில்வர் டப்பாவில் கம்பும் சந்தகையும்: ஒரு பருவம் வாங்கிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சேவையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கோயம்புத்தூரில் எங்கள் பக்கம் ஒரு மாமியாரும் மருமகளும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறார்கள். அறுபது டப்பாவுக்கு மேல் எடுப்பதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஆனால் சிறுதானியம், பாரம்பரியம் என்று போர்டு வைத்து மதியச் சாப்பாடு அனுப்புகிறவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டார்கள். பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் அனுபவம் பயன்படட்டும்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. பெரியவன் ஆறாவது, சின்னவள் மூன்றாவது. போன வருடம் முழுக்க இரண்டு டப்பாவிலும் லெமன் சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம் என்று மாறி மாறி ஓடியது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் பிரட்டும் ஜாமும். அம்மாவிடம் சொன்னால் திட்டு விழும் என்று அதை மட்டும் சொல்வதில்லை. இந்த ஜூனில் பக்கத்து வீட்டு அக்கா நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவுக்கு 70 ரூபாய், மாதத்துக்கு 22 நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு 1,540. இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்று கட்டினேன்.

டப்பாவைப் பற்றி முதலில் நல்ல வார்த்தை. மூன்று அறை உள்ள எவர்சில்வர் டப்பா, ஓரத்தில் ரப்பர், மூடியில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் பெயிண்டால் எழுதியது. பருவம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் ரசம் ஒழுகியது. பதினொன்றே முக்காலுக்கு அந்த வீட்டு மாமா எக்ஸ்எல் வண்டியில் இரண்டு பக்கமும் பை தொங்க வந்து பள்ளிக்கூட கேட்டில் வைத்துவிடுவார். மழை கொட்டிய ஒரு நாள் மட்டும் அரை மணி நேரம் தாமதம். அன்றைக்கு மருமகள் பதினொன்றரைக்கே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். இந்த விஷயத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் டப்பா பாதி காலியாகத்தான் திரும்பி வந்தது. பிள்ளைகளிடம் கேட்டால் “நல்லா இல்ல” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அதனால் ஒரு வாரத்துக்கு மூன்றாவதாக ஒரு டப்பா எனக்கே சொன்னேன். மாமா அதை ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். பசித்தாலும் திறக்காமல், பிள்ளைகளுக்கு மணி அடிக்கிற 12.40க்குச் சரியாகத் திறந்தேன். இந்த மாதிரி சேவைக்குப் பணம் கட்டுகிற ஒவ்வொருவரும் இதை ஒரு தடவையாவது செய்து பாருங்கள். அவர்கள் வீட்டுக் கொட்டகையில் சுடச்சுடத் தட்டில் வைத்துக் கொடுத்தபோது நான் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட கம்பு தோசை வேறு, மூன்று மணி நேரம் மூடி வைத்த டப்பாவில் இருந்த கம்பு தோசை வேறு. முக்கோணமாக மடித்து வைத்திருந்தார்கள். பிரித்தால் மடிப்பில் விண்டுபோகிறது, மற்ற இடத்தில் பிய்க்கவே வரவில்லை. கடலைச் சட்னி ஓரமெல்லாம் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. சின்னவளின் கையால் அதைப் பிய்க்க முடியாது. “நல்லா இல்ல” என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை, எட்டு வயசுக் கைக்கு அது ஒத்துவரவில்லை.

மறுநாள் புதன்கிழமை, சந்தகை. ராகியும் புழுங்கல் அரிசியும் கலந்து, ஊறவைத்து அரைத்து, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூட்டோடு பிழிந்தது. ஒரு அறையில் எலுமிச்சையும் கடலைப்பருப்பும் தாளித்தது, இன்னொன்றில் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும். ஆறிப்போயிருந்தது, ஆனால் நூல் நூலாக, மெத்தென்று இருந்தது. பக்கத்து டேபிள்காரர் ஒரு வாய் கேட்டார், கொடுத்தேன், இரண்டாவது வாய் கேட்டார், கொடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்கள் அம்முச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, காங்கயம் பக்கம் ஊர். மானாவாரி நிலம், கம்பும் சோளமும் கொள்ளும்தான் விளையும். கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, புடைத்து, நொய்யைத் தனியாகவும் மாவைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொள்ளும். உலை கொதித்ததும் முதலில் நொய், அது வெந்ததும் மாவு. ஆறிய கம்பஞ்சோற்றைத் தூக்குப்போசியில், அதாவது பிடி வைத்த தூக்குப் பாத்திரத்தில் போட்டு, மேலே மோரை ஊற்றி, நாலு சின்ன வெங்காயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு காட்டுக்குக் கிளம்பும். உச்சி வெயிலில் வேப்பமரத்தடியில் திறந்தால் காலையில் இருந்ததைவிட ருசி கூடியிருக்கும். அது ஆறவிட்டுத் தின்பதற்கென்றே ஏற்பட்ட சாப்பாடு. தோசையும் அடையும் அடுப்படியில் உட்கார்ந்து, கல்லிலிருந்து தட்டுக்கு நேராக வருவதற்கு ஏற்பட்டவை. பள்ளிக்கூட டப்பா என்பது தூக்குப்போசியின் பேரப்பிள்ளைதானே. தூக்குப்போசியில் போனதெல்லாம் இந்த டப்பாவிலும் போகிறது, போகாதது இதிலும் போவதில்லை.

இதை அந்த மாமியாரிடம் போனில் சொன்னேன். “அதத்தானுங்க அம்மிணி நானும் சொல்றேன், இவதான் தோசை கேக்கறாங்க, பிட்சா கேக்கறாங்கன்னு நிக்கறா” என்றார். பின்னாலிருந்து மருமகள், “அத்தை, ஸ்பீக்கர்ல இருக்கு” என்று சொல்வது கேட்டது.

இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கும் இந்த இழுபறிதான் அவர்களுடைய வாரப் பட்டியல். திங்கள் அரிசிம்பருப்பு சாதம், ஒரு பொரியல், நிலக்கடலை உருண்டை. செவ்வாய் கம்பு. புதன் சந்தகை. வியாழன் சாமைச் சாதமும் கொள்ளுப்பருப்பும், கூட ஒரு துண்டு உப்பு நெல்லிக்காய். வெள்ளிக்கிழமை மட்டும் மருமகளின் நாள். ராகி நூடுல்ஸ், கம்பு பிட்சா, தினை பிரௌனி என்று நோட்டீஸில் படம் போட்டிருப்பதெல்லாம் அன்றைக்குத்தான் வரும். அந்த நூடுல்ஸ் ஆறியபோது ஒரே கட்டியாகி, கரண்டியை விட்டுத் தூக்கினால் டப்பா வடிவத்திலேயே எழுந்து வந்தது. பெரியவன் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். ஆனால் மருமகளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அவர் கொண்டுவந்த வெள்ளைச் சோளப் பணியாரம், சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் வதக்கிப் போட்டது, பருவத்திலேயே ஒரு துணுக்குகூட மிச்சமாகாமல் வந்த ஒரே பண்டம். அதே மாதிரி மாமியார் ஒரு நாள் வீம்புக்கு ராகிக்களியை உருட்டி வைத்து அனுப்பினார். ஆறிய களியை என்ன செய்வோம் என்று அவருக்குத் தெரியாதா? ராத்திரி தண்ணீரில் போட்டுக் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்போம். அதைப் பிள்ளைகள் வகுப்பில் எப்படிச் செய்யும்? பெரியவனுக்கு அன்றைக்கு “செங்கல் சூளை” என்று பட்டப்பெயர் வேறு வைத்துவிட்டார்கள், ஒரு வாரம் ஓடியது.

கம்பு தோசையைப் பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள் போல, ஜூலை நடுவில் அதை நிறுத்திவிட்டு, கம்பஞ்சோற்றில் கெட்டித் தயிர் பிசைந்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் மாதுளை முத்தும் போட்டு அனுப்பினார்கள். மாதுளை மருமகளின் யோசனையாகத்தான் இருக்கும். சின்னவள் இப்போது அதற்கு அடிமை. பெரியவன் தொடுவதில்லை.

அடுத்தது கல். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை சாமைச் சாதத்தில் சின்னவளுக்குக் கல் கடிபட்டு, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன் செய்தேன். “அரிச்சுத்தானுங்க கண்ணு போட்டேன்” என்றார் மாமியார், உண்மையாகவே குரல் உடைந்துபோய். சாமையும் தினையும் வரகும் உமி நீக்க வேண்டிய தானியங்கள். ராகி, கம்பு, சோளத்துக்கு அந்த வேலை இல்லை. உமி நீக்கும் மில்லில் சரியாகச் சலிக்காவிட்டால் சாமை அளவுக்கே பொடிக்கல் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அன்றைய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சாமை வாங்கும் இடத்தை மாற்றினார்கள், இரண்டு தடவை கல் அரிக்கிறார்களாம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் புதிதாக வாங்கிய சாமை வெள்ளை வெளேரென்று பச்சரிசி மாதிரி இருக்கிறது. அப்படித் தவிடு போகத் தீட்டிய சாமையைத் தின்பதற்கு அரிசியே தின்னலாமே, கிலோவுக்கு நூறு ரூபாய்க்குமேல் எதற்கு? இதைச் சொன்னேன். பழுப்பாக இருந்தால் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை என்கிறார்கள். ராகியைச் சாப்பிடுகிற பிள்ளைகள் பழுப்புச் சாமையைச் சாப்பிடாதா?

கம்பு மாவில் ஒரு நாள் கசப்பும் தட்டியது. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், மாவாக்கி வைத்தால் கொஞ்ச நாளிலேயே காறிப்போகும். அம்முச்சி தினமும் இடித்தது வேறு வேலையில்லாமல் இல்லை. இவர்கள் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அரைத்து வைத்திருக்கிறார்கள். சொன்னதும் வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டார்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்பது இந்த இடத்தின் பெரிய பலம்.

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘ராகியில் பாலைவிட மூன்று மடங்கு கால்சியம்’. கணக்குப் பிரிவுக்காரிக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை, 100 மில்லி பாலில் 120 சொச்சம். அரிசியில் அதே நூறு கிராமுக்குப் பத்தைச் சுற்றித்தான். ஆனால் நூறு கிராம் காய்ந்த மாவை எந்தப் பிள்ளை ஒரு வேளையில் தின்கிறது? சின்னவளின் சந்தகையில் ராகி நாற்பது கிராம் இருந்தால் அதிகம், அது சுமார் 140 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால் குடித்தால் அதற்குமேல் கிடைக்கும். தானியத்தில் இருக்கிற கால்சியம் முழுவதும் உடம்பில் ஒட்டுவதும் இல்லை, முளைகட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. அரிசியோடு ஒப்பிட்டால் ராகி எங்கேயோ இருக்கிறது, அதை மட்டும் சொன்னாலே போதும், பாலை ஏன் இழுக்க வேண்டும்? அதே நோட்டீஸில் ‘சர்க்கரை இல்லை’ என்றும் இருக்கிறது. தினை லட்டில் பாதி நாட்டுச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதானுங்க. மாறாக, அவர்கள் பெருமையடித்துக்கொள்ள வேண்டியது வியாழக்கிழமை நெல்லிக்காய். கொள்ளில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். அதைப் பற்றி நோட்டீஸில் ஒரு வார்த்தை கிடையாது, அது பாட்டுக்கு ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பெரிய குறை என்று நான் நினைப்பது இரண்டு. சேரும்போது பிள்ளைக்கு எதாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் நிலக்கடலை, எள் வருகிற டப்பா இது. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அது விளையாட்டுக் காரியம் இல்லை. நான் மூன்று தடவை சொல்லி, செப்டம்பரில்தான் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தார்கள்.

இரண்டாவது, முட்டை. அந்த அடுப்படி சைவம், முட்டை நுழையாது. அது அவர்கள் விருப்பம், மதிக்கிறேன். ஆனால் எழுபது ரூபாய் டப்பாவில் பருப்பு கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். கொள்ளுப்பருப்பு என்று வருவது இரண்டு ஸ்பூன். எங்கள் பெரியக்கா தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது இந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “எங்க பசங்களுக்கு வாரம் அஞ்சு நாளும் முட்டை, தெரியுமா? சாப்பிடாததுங்களுக்கு வாழப்பழம். நீ எழுவது ரூவா குடுத்து நெல்லிக்கா வாங்கறே.” நானும் அந்த வரிசையில் தட்டோடு நின்றவள்தான். 1982 ஜூலையில் எம்ஜிஆர் தொடங்கிய திட்டம், நான் படிக்கும்போது சாதமும் சாம்பாரும். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை போட ஆரம்பித்தார்கள், முட்டை நாளில் வகுப்பில் ஒருத்தரும் லீவு போட மாட்டோம். இப்போது கலவை சாதம், மசாலா முட்டை, சுண்டல் என்று பட்டியலே வேறு. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்த காலை உணவும் மறு வருடம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது.

விட்டுக்கொடுக்காமல் நானும் கேட்டேன்: உங்கள் சத்துணவில் கம்பு எங்கே, கொள்ளு எங்கே? தாராபுரத்தைச் சுற்றி விளைவது அதுதானே? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு நூறு கிராம் தானியம் என்று கணக்கு, அந்த நூறும் அரிசிதானே? அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அனுப்பினா ஆக்கிப் போடமாட்டோமா? ஆனா இருநூறு பேருக்குக் கம்பு இடிக்கறது யாரு?” என்றாள். சரியான கேள்வி. அறுபது டப்பாவுக்கே இங்கே மாமியாருக்குத் தோள்பட்டை வலி. மில்லில் நன்றாகச் சலித்த நொய்யும் புதுசாக அரைத்த மாவும் வாராவாரம் வந்து சேராமல் எந்தச் சமையற்கூடத்திலும் கம்பஞ்சோறு வேகாது.

பிறகு இருவரும் அந்த டப்பாவையே பாதிப் பாதி சாப்பிட்டோம். கொள்ளுப்பருப்பில் மல்லி வாசம் அம்மா அரைப்பது மாதிரியே இருப்பதாக அக்கா சொன்னாள். அவளிடமிருந்து இது சாமானியமாக வராது.

காய்கறி சிங்காநல்லூர் உழவர் சந்தையிலிருந்து வருகிறது, புதுசாகத்தான் இருக்கிறது. சுரைக்காய்ப் பொரியல் மட்டும் வாரத்துக்கு ஒன்றாவது சாப்பிடாமல் திரும்பி வருகிறது. சுரைக்காயைப் பொறுத்தவரை நான் பிள்ளைகள் கட்சி.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். சந்தகைக்கும் அரிசிம்பருப்புக்கும் ஐந்து, நூடுல்ஸுக்குப் பூஜ்யம். நோட்டீஸுக்கு மதிப்பெண் கேட்காதீர்கள்.

அடுத்த பருவத்துக்குச் சின்னவளுக்கு ஐந்து நாளும், பெரியவனுக்குத் திங்கள், புதன், வெள்ளி மட்டும் என்று பணம் கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பணியாரம்தான் வேண்டும் என்று எழுதியே கொடுத்தாயிற்று. முட்டையைக் காலையில் வீட்டிலேயே அவித்து ஆளுக்கொன்று தின்ன வைத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை பெரியவனுக்கு நான் கட்டுகிற புளிச்சோறு. வியாழக்கிழமைக்கு என்ன என்று இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.